பெரியம்மா வைத்த பேர்

“தவுடா?” என்று கேட்ட சொர்ணத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “நம்ப ஊட்டுப் புள்ளைக்குத் தவுடுன்னா பேரு வெப்பாங்கோ?”

தொட்டிலுக்குப் பூச்சுற்ற வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிரசவம் பார்த்த கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிடி தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, திருவேற்காட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள் அவள்.

“நீ சொல்லு, நாகவல்லி” என்றாள், குழந்தையின் தாயைப் பார்த்து. “மூணு கொயந்தைய ஏரிக்கரைல பொதைச்சாச்சு. இது நாலாவது. மொறத்துல போட்டு எங்கிட்ட வித்துடு. தவுட்டக் குடுத்து நான் வாங்கிக்கிறேன். அப்பால என் புள்ளையா நெனச்சு நீ வளத்துக்கோ. பேரும் தவுடுதான். எமனுக்கும் கவுரதி கீதும்மா. தவுட்டத் தேடிகினு வரமாட்டான்.”

நாகவல்லிக்குச் சம்மதம்தான். தவிடு என்ன, சாணி என்று வைத்தாலும் சம்மதம். பதினாறு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதே வேலையாக இருந்தாள்.

ஆனால் மாமியார் இல்லாத அந்த வீட்டில் மூத்த மருமகள் சொர்ணம் வைத்ததுதான் சட்டம். நாகவல்லியின் முதல் மூன்றுக்கும் பேர் சொன்னவள் அவள்தான். தேன்மொழி, அமுதா, கற்கண்டு என்று ஒன்றைவிட ஒன்று வாய் இனிக்கும் பேர்கள். ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை.

சொர்ணத்தின் பிள்ளைகளின் பேர்தான் அயனம்பாக்கத்துக்கே சிரிப்பு. மூத்தவன் போண்டா, இளையவன் கருவாடு, கடைக்குட்டிப் பெண் ஊறுகாய். அவள் புருஷன் கோதண்டம் சாப்பாட்டு ராமன். பிள்ளை பிறந்த சேதி வரும்போது எதைத் தின்றுகொண்டிருந்தானோ அதையே பேராக வைத்துவிட்டான் என்று சொர்ணமே சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். பிள்ளைகள் மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

“ஸ்கூல்ல இன்னா பாடு படுத்துவாங்கோ தெரியுமா?” என்று சொர்ணம் மூக்கைச் சிந்தினாள். “ஆஜர் எடுக்கிற வாத்யாரே என் பெரியவனை, சட்னி கொண்டாந்தியாடான்னு கேக்கறாரு. அந்தக் கஷ்டம் என்னோட போவட்டும் நாகு. கம்பெனிக்காரன் வந்து வந்து கேட்டுகினு கீற நெலத்துல சரிபாதிக்கு இவன் ராசா. ராசாவாட்டம் பேரு வேணாவா?”

“எனக்குப் பேரே வேணாங்க்கா. புள்ள தங்கினா போதும்.”

“மூணையும் தூக்கினப்ப உன்னவிட அழுதவ நானு. அதுங்கோ ஜொரத்துல போச்சு. பேரா கொன்னுச்சு?”

நாகவல்லி கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள். லோகநாதன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். கட்சிக் கூட்டம் ஒன்றையும் விடமாட்டான். “அண்ணி சொல்றதுதான் கரெக்ட்டு. இந்தக் காலத்துல போயி தவுடு, உமின்னுகினு...” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாகவல்லி விட்டுக்கொடுத்துவிட்டாள். பெற்ற பிள்ளைகளுக்கு அமையாத நல்ல பேர் ஓரகத்தியின் பிள்ளைக்காவது அமையட்டும் என்று கண்கலங்குகிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? தன் பிடிவாதத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சொர்ணம் குழந்தையை மடியில் வாங்கினாள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைத்து, காதோடு வாயை வைத்து, “கனியமுதன், கனியமுதன், கனியமுதன்” என்று மூன்று தடவை சொன்னாள். காதில் சொன்ன பேரை மாற்றுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

கெங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தவிட்டை வாசல் கோழிகளுக்கு உதறினாள். வெற்றிலை பாக்குக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

சாப்பிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, நாகவல்லி ஒரு கிண்ணம் பாயசத்தை எடுத்துக்கொண்டு சொர்ணத்தின் பக்கம் போனாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை. நடுவில் ஒரு தட்டிதான். அக்கா காலில் விழுந்து கும்பிடவேண்டும் போல இருந்தது அவளுக்கு. தட்டியை நெருங்கும்போது உள்ளேயிருந்து போண்டாவின் அழுகை கேட்டது.

“பாப்பாக்கு மட்டும் நல்ல பேரு. எங்களுக்கு மட்டும் நைனா ஏன் இப்டி வெச்சிச்சு?”

“உங்க நைனாவுக்கு இன்னாடா தெரியும்? மூணு பேருக்கும் நான்தான் வெச்சேன்.”

“எதுக்கும்மா?”

சொர்ணத்தின் குரல் குழைந்தது. இப்படி ஒரு பாசத்தை நாகவல்லி அந்தக் குரலில் இதுவரை கேட்டதில்லை.

“நீங்கோ உசுரோட இர்க்கணும்னுதான்டா கண்ணு.”