முழிவியளம்

எதிர்வீட்டுக் கதவு திறக்கும் நேரம். அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

வெள்ளைச் சேலை. வெறும் நெற்றி.

கணவன் செத்தபோது ஈஸ்ட்ஹாமில் யாரும் அவளைப் பொட்டழிக்கச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரனுக்காகத்தான் அழித்தாள்.

வாள் கேதீஸ் என்றால் லண்டனில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்துவார்கள். தனியாளாக ஐந்து பேரை ஓட ஓட வெட்டியவன் என்று கதை. கதை வளர்ந்து இப்போது பன்னிரண்டு பேராகிவிட்டது. பொலிஸ் நாயே அவனைக் கண்டால் வாலைச் சுருட்டுமாம். அவளுடைய கணவன் நிமலனையும் அவன்தான் வெட்டினான், சலவைக்கடை வாசலில், வேறு யாரோ என்று நினைத்து. கண்டவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தானாம்.

அந்தச் சிரிப்புக்காகவே அவன் வீட்டுக்கு எதிரே வாடகைக்கு வந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் வந்தாள். மூன்றாம் நாள் காலை வெறும் வாளியோடு அவள் வெளியே வர, காரில் ஏறப்போனவன் முகம் வெளிறி வீட்டுக்குள் திரும்பினான்.

அவளுக்கு விளங்கிவிட்டது.

வெளிக்கிடுகிறவன் எதிரே காணும் முதல் முகம். ஊரில் அதற்கு முழிவியளம் என்று பெயர். வெறுங்குடமோ கைம்பெண்ணோ எதிர்ப்பட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். பன்னிரண்டு பேரை வெட்டிய சூரனுக்கு ஒரு கைம்பெண்ணின் முழிவியளம் ஆகாது. அவளைத் தொடவும் பயம், சாபம் பலித்துவிடுமென்று.

அன்றைக்கே பொட்டை அழித்துவிட்டுத் தமிழ்க்கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் நாட்டில் குடம் எதற்கென்று கடைக்காரர் கேட்டார். கோயில் நேர்த்தி என்றாள்.

இரண்டு வருடம்.

அவன் கதவைத் திறப்பான். அவள் நிற்பாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். அப்போதும் நிற்பாள். அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவன் சோபாவில் கிடந்து ஊதிப்போனான். அவளுக்கு அது போதவில்லை.

கதவோரத் திரையை விலக்கிப் பார்த்தாள்.

தெருமுனையில் சாம்பல் நிற வேன். ஜூன் மாத வெயிலில் ஓட்டுகிறவன் கையுறை போட்டிருந்தான். பின்னால் மூன்று பேர், முகத்தை மறைத்தபடி. நாலு பேரின் கண்ணும் எதிர்வீட்டுக் கதவில்.

போன செவ்வாயும் இதே வேன். அதற்கு முந்தின வாரமும். அவன் வெளியே வராததால் திரும்பிப் போனது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்திருக்கிறது. இத்தனை நாளும் இந்தப் பாவியை உயிரோடு வைத்திருந்தவள் அவளேதான்.

எதிரே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

அவள் வெளியே போகவில்லை.

அவன் முதலில் அவள் வாசலைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். மறுபடி அவள் வாசலை. பிறகு நெஞ்சை நிமிர்த்திப் படியிறங்கினான், பழைய வாள் கேதீஸாக.

உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சொன்னான்.

"இண்டைக்கு முழிவியளம் நல்லாயிருக்கடி."

தெருமுனையில் வேன் உறுமியது.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குடத்தை நிரப்பினாள்.