பென்சில் புள்ளி

"ஏய், உங்கப்பா இன்னிக்கும் வந்தாச்சு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குண்டூசி காதைக் கடித்தாள். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. பட்டப் பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

வாத்தியார் மகள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரியும். மாடிப்படி முடிகிற இடத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், தலையில் ஹெல்மெட்டோடு அப்பா நின்றுகொண்டிருப்பார். ஹெல்மெட் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைப்பு. மாடியில் ஹெல்மெட்டோடு நிற்கிறவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

"உம்மேல அவருக்கு அவ்ளோ நம்பிக்கையா?"

பின் பெஞ்சில் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூசாமல் என்ன செய்யும்? அப்பா பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் பெற்ற பெண்ணோ பள்ளிக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள். பாஸ் மார்க்கைத் தொட்டதோடு சரி. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. விண்ணப்பம் போடுவதற்குள் மறுபடி எழுதி மார்க்கை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருக்கும் இந்த டுடோரியல். இந்த முறையும் விட்டால், ஆசைப்பட்ட படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் நடத்திக்கொண்டிருந்த டியூஷனை நிறுத்தினார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்தினார்.

"ஸ்டாஃப் ரூம் பக்கமே போறதில்லையாம். சாப்பாட்ட கிளாஸ்லயே வச்சு சாப்பிடறாராம்" என்று அம்மா சொன்னபோது, தட்டில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டாள். எல்லாம் தன்னால்தான்.

டுடோரியல் மிஸ் கணக்கைப் போட்டு முடித்தார். சின்ன வயசு மிஸ்.

"எந்த வரி வரைக்கும் என்கூட வந்தீங்களோ, அந்த வரிக்குப் பக்கத்துல பென்சிலால ஒரு புள்ளி வைங்க. கடைசி வரைக்கும் வந்தவங்க வைக்க வேண்டாம்."

இதுதான் அவர் வழக்கம். யார் புள்ளி எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பார். முதலில் அவள் வெட்கப்பட்டுக்கொண்டு புள்ளியே வைக்கவில்லை. மிஸ் விடவில்லை. இப்போதெல்லாம் அவளுடைய புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ் வரிகளுக்கு இறங்கியிருந்தது.

இன்று கை வரவில்லை. ஹெல்மெட் ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

வகுப்பு முடிந்ததும் நேரே போய் அப்பா முன்னால் நின்றாள்.

"என்னப்பா இது? கட் அடிச்சுட்டு எங்கயாவது சுத்தறேனான்னு பாக்கறீங்களா?"

"இல்லம்மா... சும்மா இந்தப் பக்கம்..."

"தினமும் சும்மாவா? எல்லாரும் சிரிக்கறாங்க. உங்க மானத்த வாங்கிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக இங்க வந்து என் மானத்த வாங்கணுமா? நாளையிலேர்ந்து நான் வரல. பரீட்சையும் எழுதல. காலேஜும் வேணாம். போதுமா?"

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

கதவைப் பூட்ட வந்த மிஸ் அவரைப் பார்த்துவிட்டார்.

"சார், உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே? இப்படி நின்னுக்கிட்டு எப்படிக் கவனிப்பீங்க?"

"வேணாம் மிஸ். பொண்ணு இருக்கா, கூச்சமா இருக்கு."

அப்பா வாயில் 'மிஸ்' வந்து அவள் கேட்டதே இல்லை. மிஸ் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

"கவனிக்கறீங்களா? எதை?" என்றாள் மகள்.

அப்பா ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வகுப்பையே அடக்கி வைக்கிற குரல், இப்போது எழும்பவே இல்லை.

"சின்ன வயசுலேர்ந்து உனக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? 'புரிஞ்சுதா'ன்னு கேப்பேன். நீ 'புரிஞ்சுதுப்பா'ன்னுவ. நானும் அடுத்த கணக்குக்குப் போயிடுவேன்."

"புரியலன்னு சொன்னா திட்டுவீங்கன்னு..."

"உன் மார்க்கப் பாத்தப்பதாம்மா அது எனக்கு உறைச்சுது. ஸ்கூல்ல எத்தன பிள்ளைங்க இப்படிப் பயந்துக்கிட்டு தலையாட்டியிருக்கும்? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டியூஷன் எடுக்கறது, ஸ்டாஃப் ரூம்ல போய் உக்கார்றது?"

அவள் அப்பாவையே பார்த்தாள். வெட்கம் தன்னுடையது மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து, சீவி வைத்த புதுப் பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் போனதும் ஒரு கணக்கு போடறேன். எந்த வரியில உன்ன விட்டுட்டு நான் மட்டும் போயிட்டேன்னு ஒரு புள்ளி வச்சுக் காட்டுவியா?"