பன்னெண்டுக்கு முடிச்சுக்கோ

“தராசை மறைச்சு வச்சுக்கிட்டு எடை போடறவன்கிட்ட நான் எதுவுமே வாங்கினதில்ல,” என்றார் அப்பா.

மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்த இளைஞன் தனக்கு முன்னால் ஒரு அட்டைப் பலகையை நிறுத்தி வைத்திருந்தான். அதற்குப் பின்னால்தான் பகடை உருளும். எல்லாருக்கும் அவனே உருட்டி, விழுந்த எண்ணை அவனே சொல்வான்.

“கதை சொல்றவர் மறைச்சுத்தான் உருட்டுவார்ப்பா. இங்க அப்படித்தான்,” என்றாள் மகள்.

அவள் பயம் அவளுக்கு. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பழைய கார் வாங்கி விற்கும் அப்பாவோ, “ஓட்டிப் பார்க்காம நான் வண்டி எடுக்க மாட்டேன்” என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர்கள் கூடி ஆடும் இடத்துக்கே கிளம்பி வந்துவிட்டார். வந்தவரை ஆட்டத்திலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆளுக்கொரு வேடம். எல்லாரும் சேர்ந்து ஒரு கோட்டைக்குள் நுழைந்து, ராணியிடம் அடைக்கலம் கேட்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். காரியம் எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு பெரிய எண்ணாக விழ வேண்டும்.

அப்பாவுக்கு மரம்வெட்டி வேடம். வாசல் காவலாளியிடம் அவர் பேசிய பேச்சுக்கு, நிஜக் காவலாளியாக இருந்தால் சாவியோடு சட்டையையும் கழற்றிக் கொடுத்திருப்பான்.

“பிரமாதம் சார். பதினஞ்சு விழணும்,” என்றான் இளைஞன்.

“எதுக்கு? அதான் பேசி முடிச்சாச்சே.”

“பேசினது நீங்க சார். உங்க மரம்வெட்டிக்கு அவ்வளவு பேச்சு வராது.”

“பதினஞ்செல்லாம் அநியாயம். பத்து.”

“சார், இதுல பேரம் எல்லாம்…”

“சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பன்னெண்டுக்கு முடிச்சுக்கோ.”

மேசையே சிரித்தது. இளைஞனும் சிரித்தபடி ஒப்புக்கொண்டு உருட்டினான்.

“பதினொண்ணு சார். கதவு திறக்கல.”

அப்பாவின் காது சிவந்தது.

அடுத்து, லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கூட்டத்தில் அவர் பேரே லிஃப்ட்தான். “பே… பேச்சு நடுவுல நடுவுல நின்னுடும், அதான்,” என்று அவரே சொல்லிச் சிரித்திருந்தார். அப்படிப்பட்டவர் விரும்பி எடுத்திருந்தது ராஜதூதர் வேடம்.

“கா… காவலாளி ஐயா, மழை வருது. உள்ள விடுங்க,” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பகடை உருண்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்த அப்பா, இளைஞனின் முதுகுப் பக்கமாக வந்து நின்றார்.

பலகைக்குப் பின்னால் கிடந்தது நாலு.

“பதினாறு,” என்றான் இளைஞன். “கதவு திறந்துடுச்சு.”

அப்பா குனிந்து அவன் காதில் சொன்னார். “எனக்குப் பதினொண்ணு, அவனுக்கு நாலு பதினாறா? ஓடின மீட்டரைத் திருப்பி வண்டி விக்கிறவன்கூட இவ்வளவு துணிய மாட்டான். பலகையை எடு. இல்ல, என் பொண்ணை மறந்துடு.”

இளைஞன் முகம் வெளுத்துப் போயிற்று. லிஃப்டை ஒரு தடவை பார்த்தான். பலகையை மடக்கிக் கீழே வைத்துவிட்டுப் பகடையை அப்பாவிடம் நீட்டினான்.

“இனி நீங்களே உருட்டிச் சொல்லுங்க சார்.”

“அப்படி வா வழிக்கு.”

அடுத்தது ராணி. யார் பேசுவது என்று இளைஞன் கேட்டான்.

“நா… நானே பேசறேன்,” என்றார் லிஃப்ட்.

“ஒரு வரிக்கு மேல இவர் பேசி நாங்க கேட்டதே இல்லப்பா,” என்று மகள் கிசுகிசுத்தாள். “கதவு திறந்த தைரியம்.”

லிஃப்ட் எழுந்தே நின்றுவிட்டார்.

“ம… மகாராணி, கதவைத் தட்டறவன் எல்லாம் எதிரி இல்ல. உ… உள்ள மாட்டிக்கிட்டவங்க தட்டற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும். அது கோ… கோபம் மாதிரிதான் கேட்கும். ஆனா ப… ப… பயம். மொதல்ல திறந்து விடுங்க. திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம்.”

பேச்சு நின்ற இடத்தில் எல்லாம் மேசை காத்திருந்தது. யாரும் ஒரு சொல்லைக்கூட அவருக்காக முடித்து வைக்கவில்லை.

“ராணிக்குப் பதினஞ்சு விழணும்,” என்றான் இளைஞன், அப்பாவைப் பார்க்காமல்.

அப்பா உருட்டினார். வேகம் கூடிவிட்டது. பகடை துள்ளி மேசைக்கு அடியில் போய் விழுந்தது. அப்பா குனிந்தார். எழக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பதினெட்டு,” என்றார், பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு.

“கீழ விழுந்தா மறுபடி உருட்டணும் சார்…”

“விழுந்தது விழுந்ததுதான். பதினெட்டு. கோட்டையைத் திறய்யா.”

மேசையைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டார்கள். லிஃப்ட் உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தார்.

இருவரும் காரில் திரும்பினார்கள். சிக்னலில் வண்டி நின்றதும் மகள் சொன்னாள்.

“பகடை என் கால்கிட்டதான்ப்பா விழுந்துச்சு. ரெண்டு.”

அப்பா சிவப்பு விளக்கையே பார்த்தார்.

“தராசு, எடைன்னு என்னவோ சொன்னீங்களே.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு கூட்டிச் சொல்லியிருந்தா நான் கோட்டைக்குள்ள போயிருப்பேன். மாமனாராகப் போறவன்னு தெரிஞ்சும் சொல்லல பாரு, அந்தப் பய.”

விளக்கு பச்சைக்கு மாறியது.

“அடுத்த வாரம் மறக்காம அந்தப் பலகையை மறுபடி நிறுத்தி வைக்கச் சொல்லு. அப்புறம், இந்த சார் கீர் எல்லாம் வேண்டாம். மாமான்னே கூப்பிடச் சொல்லு.”