காற்றுப் பை

இமோஜீன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தங்களுக்கு வீடாகவும் இருந்த மோட்டார் வண்டியின் படியில் உட்கார்ந்து, சாணைக் கல்லை மடியில் வைத்து, மெதுவாக, ஒரே சீராக.

"என்ன, இன்னிக்கு ராத்திரி கறி விருந்தா?" பக்கத்து வண்டிக்காரர் ரோஸ்கோ தன் மடக்கு நாற்காலியிலிருந்து கேட்டார்.

"கறி இல்ல. அதைவிட முரடு." சொன்னவள் சிரிக்கவில்லை.

ரோஸ்கோவுக்கு என்னவோ போலிருந்தது. அன்று மத்தியானம்தான் அந்த வண்டிக்குள் பெரிய சண்டை. மறுநாள் காலையில் யார்னெல் மலையேறி மகள் வீட்டுக்குப் போயே தீருவேன் என்று அவள் கணவர் வெண்டல் கத்த, "இந்த வண்டிதான் உனக்குச் சவப்பெட்டி, பாத்துக்கோ!" என்று இவளும் கத்தியது அரிசோனா பாலைவனத்துக்கே கேட்டிருக்கும்.

ஐம்பது வருஷப் பழைய வண்டி அது. பின்பக்கம் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. சக்கரங்களுக்கு இடையில் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் அத்தனை எடையையும் தாங்கின. காற்று போனால் வண்டி யானை மாதிரி உட்கார்ந்துவிடும். அடியில் ஆள் இருந்தால் அவ்வளவுதான்.

போன வாரம் இடது பைக்குப் போகும் குழாய் கிழிந்தது. வெண்டல் முட்டுக் கட்டைகூட வைக்காமல் அடியில் புகுந்து, இருந்த ஒரே மாற்றுக் குழாயை மாட்டிவிட்டு வந்தார்.

"யோவ், சாகணும்னா வேற வழியா இல்ல?" என்று அன்றைக்கே ரோஸ்கோ திட்டினார்.

"நாப்பது வருஷம் லாரியோட குடித்தனம் பண்ணினவன்யா நான். நீ தபால் பை தூக்கினவன். எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டே!"

இரவு முழுக்கக் காற்று மணலை வாரி இறைத்தது. விடியும் நேரத்தில்தான் அடங்கியது. காபிக்குத் தண்ணீர் வைக்க எழுந்த ரோஸ்கோ, ஜன்னல் வழியே எதேச்சையாகப் பார்த்தார்.

இமோஜீன் பின் சக்கரத்தருகே குந்தியிருந்தாள். சக்கரத்துக்கு மேலே இருந்த சந்துக்குள் தோள்வரை கையை நுழைத்து எதையோ அறுத்தாள். கையை உருவியபோது கத்தி பளபளத்தது. பாவாடையில் அதைத் துடைத்துவிட்டு, பூனைபோல உள்ளே போனாள்.

வண்டியின் இடது பின்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கியது.

தேள் இருக்கிறதா என்று ரோஸ்கோ பூட்ஸை உதறி, காலை நுழைப்பதற்குள், வெண்டல் ஸ்பேனரோடு இறங்கிவிட்டார். சாய்ந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அப்படியே தரையில் மல்லாந்து, வண்டிக்கடியில் நகர்ந்து போனார்.

ரோஸ்கோ முடிச்சுப் போடாத பூட்ஸோடு ஓடினார். படியில் இமோஜீன் எதிர்ப்பட்டாள்.

"நான் பாத்துட்டேன்! கட்டின புருஷனையே கொல்லப் பாக்கறியே, நீயெல்லாம் பொம்பளையா? இப்பவே ஷெரிப்பைக் கூப்பிடறேன்!"

"கொல்லவா?" அவள் முகம் வெளுத்தது. "வெண்டலுக்குக் கண்ணு தெரியல, ரோஸ்கோ. இங்க வரும்போது சிவப்பு விளக்குல நிக்காமலே போனான். எதிர்ல பள்ளிக்கூட பஸ். அந்த மலை வளைவுல இவன் எப்படி ஓட்டுவான்?"

"அதை அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அன்னிக்கே உசிரை விட்டுருவான். அவனுக்கு ஸ்டியரிங்தான் உசிரு. வேற குழாய் இல்ல, ஊர்லேருந்து மெக்கானிக் வரணும். இந்தக் கிழட்டு வண்டிக்குச் சாமான் கிடைக்க நாளாகும். அதுக்குள்ள மகளை வரவழைச்சுடலாம்னு..." சட்டென்று நிறுத்தினாள். "இப்ப எங்கே அவன்?"

"அடியில."

"ஐயோ! போன தடவையே கட்டை வைக்கலையே!"

புஸ்ஸென்று காற்று பீறிடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து 'தொம்' என்று ஓர் அதிர்வு. வண்டி உட்கார்ந்துவிட்டது. உள்ளே தட்டுகள் உருண்டு நொறுங்கின.

"வெண்டல்!"

வண்டிக்கடியிலிருந்து புழுதி மட்டும் வந்தது. இமோஜீன் மண்டியிட்டு விழுந்தாள்.

புழுதிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கண்ணெதிரே கிடந்த ஸ்பேனரை விட்டுவிட்டு, பக்கத்து மணலைத் தடவித் தடவித் தேடியது. ரோஸ்கோ அதை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"ஏன் இந்தக் கத்து கத்தறீங்க? கல்லு மாதிரி இருக்கேன்," என்றது வெண்டலின் குரல். "இமோஜீன், குழாய் தேறாது. இன்னிக்குப் பயணம் அவ்வளவுதான். காபி போடு."

அழுகையும் சிரிப்புமாக அவள் உள்ளே ஓடினாள்.

ரோஸ்கோ குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு உட்புறமாக, இரண்டு தடித்த ஓக் கட்டைகளின் மேல் வண்டி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கட்டைகளின் பாதி உயரத்துக்கு, ராத்திரிக் காற்று கொண்டுவந்த மணல் வழவழவென்று ஒதுங்கிக் கிடந்தது. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"யோவ், கட்டையை எப்பய்யா வெச்சே?"

வெண்டல் வாசல் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நேத்து சாயங்காலமே. அவ கத்தி தீட்டற சத்தம் கேட்டுச்சே!"