தொலைந்து போகிற அக்கா

"மேப்பை அக்கா கையில மட்டும் குடுத்துடாதே. அப்புறம் நாளைக்குத்தான் வீடு போய்ச் சேருவோம்."

டிக்கெட் ஜன்னல் முன்னாலேயே தம்பி ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அக்கா குழாயில் தண்ணீர் பிடித்தாள்.

இந்தக் காட்டுக்கு அக்காவும் தம்பியும் வந்து நாற்பது வருஷம் இருக்கும். குழாய் மட்டும் புதுசு. அதே தகரக் கூரைக் கழிப்பறை, அதே சிமென்ட் பெஞ்சு, மரத்துக்கு மரம் அதே மஞ்சள் அம்புக்குறி. லீவு விட்டால் அப்பா எல்லோரையும் இங்கேதான் கூட்டி வருவார். அந்த நாளுக்காக வருஷம் பூராவும் காத்திருப்பார்கள்.

"இவ்ளோ பெரிய அம்புக்குறி போட்டிருக்கான். அப்பவும் இவ தொலைஞ்சு போவா! ஒவ்வொரு தடவையும்!" தம்பி மனைவியிடம் சொல்லிக்கொண்டே நடந்தான். "இவளைத் தேடியே பொழுது போயிடும். பாதை முடியுற இடத்துல ஏரிக்கரைக் கோபுரம் இருக்கு, அதை நான் கண்ணால பார்த்ததில்ல. எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? இன்னிக்கு ஏறியே தீரணும்."

"பாவம், அண்ணி அப்ப சின்னப் பொண்ணுதானே?"

"பத்து வயசு, சின்னப் பொண்ணா? பின்னால வெளியூர்ல நல்ல வேலை கிடைச்சும் அப்பா அனுப்பலையே. காட்டுலயே வழி தெரியாதவ பட்டணத்துல என்ன பண்ணுவான்னுட்டார்."

அக்கா அதற்கும் சிரித்துவைத்தாள்.

பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் தம்பி திருதிருவென்று விழித்தான். அம்புக்குறி போட்ட மரமே விழுந்து கிடந்தது. மேப்பைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தான். போனில் சிக்னல் இல்லை. இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இந்தத் தடவையும் கோபுரம் இல்லை என்றே அவனுக்குத் தோன்றியது.

"இடது பக்கம் வாடா. நடுவுல போனா வெறும் பாறைதான்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ஓடையைத் தாண்டினாள், மூங்கில் புதரைச் சுற்றினாள், ஓரிடத்திலும் நின்று யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் கோபுரத்தின் மேல் நின்றார்கள்.

கீழே ஏரி முழுக்க வெயில். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இப்போது கூட இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"ஏன்க்கா, உனக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் தெரியுதே! அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் தொலைஞ்சு போன?"

அக்கா ஏரியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்ல அப்பாவும் அம்மாவும் முகம் குடுத்துப் பேசி நீ பார்த்திருக்கியாடா? 'உங்கப்பாகிட்ட சொல்லு', 'உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு என்னைத்தானே நடுவுல ஓட விடுவாங்க? என்னைக் காணோம்னா மட்டும்தான் நேருக்கு நேர் பேசிப்பாங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத் தேடுவாங்க. நான் புதருக்குப் பின்னால உட்கார்ந்து, அதை ஆசைதீரப் பார்த்துட்டுத்தான் வெளிய வருவேன்."