பாதி மதிப்பு

“தேக்கு அலுமாரிக்கு இவ்வளவு கொஞ்சமாவா போடுறீங்க?”

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்டு லத்தீப் நிமிர்ந்தான். எத்தனையோ வருடம் கழித்தும் ஸகீனாவின் குரல் அப்படியே இருந்தது.

பதுளைக் கடைவீதியில் அவனுக்குப் பழைய மரச்சாமான் வியாபாரம். ஜப்தியான சாமான்களுக்கு ஏலத்துக்கு முன்னால் மதிப்புப் போட கோர்ட்டில் கூப்பிடுவார்கள். இன்று வெலிமடைக்கு அனுப்பிவிட்டார்கள். கடனாளி ஷுக்ரி என்று கோர்ட்டுச் சேவகன் மாரிசாமி சொன்னபோதே யார் வீடென்று தெரிந்துவிட்டது. ஸகீனாவைக் கட்டியவன் அவன்தான்.

லத்தீப்பும் ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டான். அவள் வாப்பா பெரிய கடைக்காரனாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். இவன் வேறு பெண்ணைப் பார்க்கவே இல்லை. வெலிமடைப் பேச்சை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

இப்போது அவள் புழங்கிய சாமான் தெருவுக்கு வரப்போகிறது. மனம் கேட்குமா? போட்ட மதிப்பிலிருந்துதான் ஏலம் தொடங்கும். குறைத்துப் போட்டால் ஆள் வைத்து எல்லாவற்றையும் எடுத்து, இதே வீட்டில் திரும்ப இறக்கிவிடலாம். அவள் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். இந்த அலுமாரியை அவள் திறந்து மூடுகிறாள் என்று தெரிந்தால் போதும்.

“அடுத்தது கண்ணாடி மேசைங்க,” என்றான் மாரிசாமி.

லத்தீப் பாதி விலை சொன்னான்.

“அது கொழும்பிலேர்ந்து வந்தது,” என்றது திரை.

“கால் ஆடுது,” என்றான் லத்தீப், ஆடாத காலைப் பிடித்துக்கொண்டு.

சுவர்க் கடிகாரத்துக்கும் இதே வழக்கு, வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கத்துக்கும் இதே வழக்கு. இந்த நிலையிலும் வீம்பு குறையவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாரிசாமி தண்ணீர் குடிக்க முற்றத்துக்குப் போனான். லத்தீப் திரையருகே வந்து நின்றான்.

“ஸகீனா, ஒரு சாமானும் வெளிய போக விடமாட்டேன். ஒங்களுக்காகத்தான் குறைச்சுப் போடுறேன்.”

அண்ணன் முறை வைத்துத்தான் பதில் வந்தது.

“எனக்காகன்னா கூட்டிப் போடுங்க, லத்தீப் நானா. தலாக் சொல்லிட்டுப் போய் வருசமான மனுசன்ட சாமான் இதெல்லாம். கலியாணத்துக்கு வாப்பா அவருக்குக் சீதனமாக் கொடுத்த கைக்கூலிக் காச திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டவளே நான்தான்.”