மச்சக்காரி

"கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கம்மா, மச்சம் தெரியணும்," என்றார் பத்திரிகைக்காரர்.

முதலாளியின் மனைவி திரும்பினாள். தலைக்கு மேலே, உணவகத்தின் கண்ணாடியில் வட்டமாக ஒரு பெண் முகம். பார்சல் பை வரைக்கும் அந்த முகம்தான். கடையின் பெயரை யார் சொன்னார்கள்? ஊருக்கே அது 'மச்சக்காரி கடை'.

"லோகோவுல மச்சம் இடது கன்னத்துல இருக்கே? உங்களுக்கு வலதுலதானே?"

அவள் சிரித்தாள். "என்னைப் பார்த்ததும் இந்த மச்சம்தான் இவருக்குப் பிடிச்சுதாம். கல்யாணம் முடிவான கையோட என் போட்டோவக் குடுத்து வரையச் சொல்லிட்டாரு. பெயிண்டர் கண்ணாடிக்கு உள்ளே நின்னு வரைஞ்சதுல, வெளியே இடம் வலம் மாறி, மச்சம் கட்சி மாறிடுச்சு!"

பத்திரிகைக்காரர் முகத்துக்குக் கீழே இருந்த கடைப் பெயரை வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டார்.

"அந்தப் பெயிண்டர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு. வேற கேளுங்க சார்," என்றார் கல்லாவிலிருந்த கணவர்.

அவர் ஒரு நாளும் வாய் திறந்து கொஞ்சியதில்லை. வீட்டில் பேச்சற்றுக் கழியும் நாட்களில் அவள் இங்கே வந்து அண்ணாந்து பார்ப்பாள். ஊரறிய முகத்தை மாட்டிவைத்த மனுஷனிடம் இதற்குமேல் என்ன கேட்பது?

"யாரு சார் சொன்னா? கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு! பேட்டிக்காகக் கூட்டிட்டு வந்து கார்லதான் உக்கார வச்சிருக்கேன்," என்ற பத்திரிகைக்காரர் வெளியே பார்த்துக் கையசைத்தார்.

கணவர் எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

உள்ளே வந்த பெயிண்டரிடம் அவள் ஓடினாள். "ஐயா, இன்னிக்காவது என் மச்சத்த வலது கன்னத்துக்கே மாத்திக் குடுத்துடுங்க!"

பெரியவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா மாத்தணும்? வெளியே நேராத் தெரியட்டும்னு எழுத்தத் திருப்பித்தானே எழுதினேன்? முகமும் அப்படித்தான். போட்டோவா பார்த்தேன்? எதிர்ல உக்கார வச்சுப் பார்த்துப் பார்த்து வரைஞ்சது. ஒரு புள்ளி பிசகாது."

அவள் கல்லாவைப் பார்த்தாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் ஆவலாகக் கூடத்தை ஒரு சுற்றுத் தேடிவிட்டுக் கேட்டார்.

"ஏன் முதலாளி, அந்தம்மா வரலியா?"